பதினேழாம் எண் குழாய்

எங்கள் கல்லூரிக்கு வெள்ளி விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் ரேணுகாம்பாளைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மணிவேல். அவங்ககூட வேலை பாத்தவங்கள்ல இங்க மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றார். நல்லவிதமாக எழுத வேண்டுமாம். எளிமை, விடாமுயற்சி, இந்த மண்ணின் மகள் என்று நாலு வார்த்தை வர வேண்டுமாம். பாவம், அவர் இங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அந்த மண்ணின் மகளை இதே கல்லூரி எப்படி வெளியே தள்ளியது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு வேண்டிய ரெண்டு பக்கத்தை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். நடந்ததை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பயோடெக்னாலஜி ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் டெக்னீஷியன். தாவரவியல் பி.எஸ்.சி. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், 1989இல், தற்காலிக வேலையில் சேர்ந்தேன். ஆராய்ச்சிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு ஏசி, ஒரு டீப் ஃப்ரீசர், கரண்ட் போனால் எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்போம். துறைத் தலைவர் சக்கரபாணி. படித்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் தன் கையால் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கி நான் பார்த்ததில்லை. யாராவது ஃபோட்டோ எடுக்க வந்தால் மட்டும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்குள் குனிவார். அதில் பல்பு எரிகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷமே ரேணுகாம்பாள் மேடம் வந்தார். படவேட்டுப் பக்கம் அப்பாசாமி என்ற வாழை விவசாயியின் மகள். சென்னையில் எம்.எஸ்.சி. முடித்த இருபத்து மூன்று வயதுப் பெண். பாடமும் எடுக்க வேண்டும், சக்கரபாணிக்குக் கீழே பிஎச்.டி.யும் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. வந்த முதல் வாரமே சக்கரபாணி, "பேரு கொஞ்சம் பழசா இருக்கும்மா. பேப்பர்ல ரேணுன்னு போட்டுக்கலாமே" என்றார்.

"எங்க ஊரு அம்மன் பேரு சார். பாதிய வெட்டிட்டுப் போனா எங்கம்மா என்னை வூட்டுல சேக்காது" என்றார் மேடம். சிரிக்காமல் சொன்னார். அந்த ஆளுக்கு அன்றைக்கே முகம் சுருங்கிவிட்டது.

டில்லியில் இருந்து ஒரு திட்டம் வந்திருந்தது. துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற என்சைம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். என்சைம் என்பது ஒரு புரதம். கிருமிகள் தங்கள் சாப்பாட்டைக் கரைத்துக்கொள்ள அதைச் சுரக்கும். கொழுப்பைத் தின்கிற கிருமி கிடைத்தால் கொழுப்பைக் கரைக்கிற என்சைம் கிடைக்கும். சக்கரபாணி சமையல் எண்ணெய்க் கடை, செக்கு, பால் சொசைட்டி என்று ஒரு பட்டியல் கொடுத்து மண் எடுத்து வரச் சொன்னார். மேடம் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மலையைக் காட்டினார்.

கார்த்திகை தீபம் முடிந்து நெய்க் கொப்பரையைக் கீழே இறக்கிய மறுநாள் நாங்கள் ஏறினோம். உச்சியில் பாறை முழுக்க நெய் வழிந்து கருத்துக் கிடந்தது. கால் வைத்தால் வழுக்கியது. மேடம் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்து, பாறை இடுக்கில் இருந்த மண்ணை ஸ்பூனால் சுரண்டி பாட்டிலில் போட்டார்.

"அண்ணா, இந்த மண்ணுல எத்தினி வருஷமா நெய் ஊறுது?"

"யாருக்குத் தெரியும் மேடம். ராஜா காலத்துல இருந்து ஊறுது."

"அப்போ இத்தத் தின்னே பொழைக்கிற கிருமி ஒண்ணு இங்க இல்லாம போவாது" என்றார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

இருந்தது. நான்கு மாதத்தில் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் லேப் முழுக்க ஒரே காறல் நாற்றம். கெட்ட நெய்யில் கிருமியை வளர்த்தால் வேறென்ன மணக்கும். என் பெண்டாட்டி உண்ணாமலை என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறப்போடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். மேடம் மட்டும் ஃபிளாஸ்க்கை மூக்கருகில் கொண்டுபோய், "இது இன்னிக்கி நல்லா வேலை செஞ்சிருக்கு, இது தூங்கிட்டிருக்கு" என்பார். சோதித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் ஒரு குறை. அந்த என்சைம் ஐம்பது டிகிரி சூடு வரைக்கும்தான் தாங்கியது. அதற்கு மேல் போனால் முட்டை வெந்த மாதிரி கட்டியாகிவிடும். கம்பெனிக்காரர்களுக்கு எழுபது டிகிரி வேண்டும். இங்கேதான் மேடத்தின் உண்மையான வேலை ஆரம்பித்தது. புரதம் என்பது முன்னூறுக்குக் கொஞ்சம் கம்மியான மணிகள் கோத்த ஒரு சரம். அது சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். சரத்தில் சரியான ஒரு மணியை எடுத்துவிட்டு வேறு மணியைக் கோத்தால் மடிப்பு இறுகும், சூடு தாங்கும். எந்த மணி, எதற்குப் பதில் எது என்பதுதான் கேள்வி. கிருமியின் ஜீனில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி அதைச் செய்ய வேண்டும்.

அதற்கான வசதி இங்கே இல்லை. மேடம் பெங்களூரில் ஒரு லேபில் இடம் கேட்டு வாங்கி, ஒன்றரை வருஷம் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார். சொந்தத்தில் ஒருத்தன் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி வீட்டில் கூப்பிட்டபோதுகூட வரவில்லை. 1996 ஆவணியில் திரும்பி வந்தார். நாற்பது விதமாக மாற்றிய ஜீன்கள், சுண்டுவிரல் அளவுள்ள நாற்பது பிளாஸ்டிக் குழாய்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செங்கம் வழியாக பஸ்ஸில் வந்தார். ஒவ்வொரு மூடியிலும் மார்க்கர் பேனாவால் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண். எந்த எண்ணில் எந்த மணி மாறியிருக்கிறது என்பது அவருடைய நோட்டில். வரிசைக்குப் பத்தாக நாலு வரிசை, ஒரு ரேக்கில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினார். ஆறு வருஷ உழைப்பு அந்த ரேக்கில் இருந்தது. அவருடைய பிஎச்.டி. அதில் இருந்தது. அவர் பெயரும் அதில்தான் இருந்தது.

இனிமேல் எழுதப்போவதை நினைத்தாலே எனக்கு என் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மேடத்தின் அப்பாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன், மேடம் அங்கே போயிருந்தார். கல்லூரித் தாளாளர் பூஜைக்கு லேபுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். சக்கரபாணிக்குத் தலைகால் புரியவில்லை. "மணி, ஒரு தூசி இருக்கக்கூடாது. உள்ள வெளிய எல்லாம் கழுவு. ஃப்ரீசர்ல பாரு, எம்மா ஐஸ் புடிச்சிக் கெடக்குது. அத்தயும் கழுவிடு" என்று மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"மேடம் வந்துடட்டுமே சார். குழாய்ங்க இருக்குது."

"ஐஸ் பெட்டில போட்டு வைடா. ஒரு மணி நேரத்துல இன்னா ஆயிடும்?"

சாமி ஒன்றும் ஃப்ரீசரைக் கழுவச் சொல்லவில்லை. சொன்னது சக்கரபாணி, கழுவியது நான். ரேக்கை அப்படியே எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஃப்ரீசரைத் துடைத்தேன். திரும்ப வைக்கும்போது குழாய் மூடிகளில் பனித் துளியும் பிசுக்கும் இருப்பதைப் பார்த்தேன். பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் ஒட்டாதே என்று பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். மார்க்கர் மை தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட் பட்டால் போய்விடும். லேப் டெக்னீஷியன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வரிசை முழுக்கத் துடைத்து முடித்துப் பஞ்சைப் பார்த்தால் கருப்பு. பத்து மூடியும் வெள்ளையாக இருந்தது.

பஞ்சைக் கீழே போட்டுவிட்டு ரேக்கைப் பார்த்தேன். மற்ற மூன்று வரிசையும் அப்படியே இருந்தன. அழிந்துபோனது பதினொன்றிலிருந்து இருபது வரைதான். இடத்தை வைத்து எழுதிவிடலாம் என்று இடப் பக்கத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டே போனேன். துடைக்க வசதியாக அந்த வரிசைச் சட்டத்தை மட்டும் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டும்போது திருப்பி மாட்டினேனா, நேராக மாட்டினேனா? அந்தச் சந்தேகம் அப்போதே வந்தது. வெளியே தாளாளர் கார் வந்து நின்றது. சக்கரபாணி கற்பூரம் எங்கே என்று கத்தினார். ஃப்ரீசரை மூடி, கதவில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அதன் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். தாளாளர் பொரி கடலை வாங்கிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றார். நானும் ஓரமாகப் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஃபோட்டோ இன்னும் துறை அறையில் தொங்குகிறது, அந்தப் பக்கம் நான் போவதில்லை.

மேடம் இரண்டு நாளில் வந்தார். சொல்லியிருக்கலாம். "மேடம், ஒரு வரிசை அழிஞ்சிடுச்சு, பெங்களூருக்கு அனுப்பி சரிபாத்துடுங்க" என்றால் ஒரு நாள் திட்டுவார், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு மறுநாள் என்று இருந்தேன். மூன்றாவது வாரம் பதினேழாம் எண் எழுபது டிகிரியைத் தாங்கிவிட்டது.

நெய் கலந்த தட்டு பால் போல வெள்ளையாக இருக்கும். சூடாக்கிய என்சைமை நடுவில் ஒரு சொட்டு விடுவோம். வேலை செய்தால் சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் விழும். நாற்பதில் ஒன்றில்தான் விழுந்தது. மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, பாருங்க, பாருங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல? சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

1997இல் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. பதினேழாம் எண்ணில் மாற்றிய மணி ஏன் புரதத்தை இறுக்குகிறது என்று மேடம் படம் போட்டு விளக்கியிருந்தார். ஜீனை மறுபடி படித்துச் சரிபார்த்துவிட்டு அனுப்பலாம் என்று அவர் கேட்டதற்கு, "அதுக்குள்ள வேற எவனாவது போட்டுடுவான், அனுப்பு" என்று சக்கரபாணி விரட்டினார். கட்டுரையில் மூன்று பெயர். ரேணுகாம்பாள், தாளாளர், சக்கரபாணி. தாளாளருக்கு அரிசி மண்டி. புரதம் என்றால் பருப்பில் இருப்பது என்று மட்டும் தெரிந்தவர். அவர் பெயர் நடுவில். சீ, என்ன பிழைப்பு இது. அதற்குச் சால்வை வேறு போர்த்திக்கொண்டார்கள். மேடம் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார்.

தேர்வு வருவதற்குள் கடிதம் வந்தது. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தார் அதே மணியை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அறுபது டிகிரியிலேயே கட்டியாகிவிட்டதாம். என்ன விஷயம் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். மேடம் அன்றே பதினேழை எடுத்துச் சோதித்தார். எழுபதில் ஜம்மென்று வேலை செய்தது. அப்படியென்றால் குழாய் பொய் சொல்லவில்லை, எண் பொய் சொல்கிறது.

மதியம் என் மேஜைக்கு வந்தார். "மணிவேலண்ணா, நான் இல்லாதப்போ யாராவது ஃப்ரீசரத் தொறந்தாங்களா?"

"இல்லீங்களே மேடம்" என்றேன்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"சாவி உங்ககிட்டதானே இருக்குது மேடம்."

அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் நேராகச் சக்கரபாணியிடம் ஓடினேன். பூஜையன்று நடந்ததை எல்லாம் கொட்டினேன். அந்த ஆள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னை பர்மனென்ட் பண்ற ஃபைல் மேல போயிருக்குது, தெரியுமில்ல? அத்தயும் இத்தயும் உளறிட்டுத் திரியாத. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு எழுதிடுச்சு, அது தலைவலி" என்றார். அன்று சாயங்காலமே பத்திரிகைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டார். தான் வழிகாட்டி மட்டும்தானாம். சோதனைகளை மாணவிதான் செய்தாராம். முடிவுகள் இட்டுக்கட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகமாம். சால்வை போர்த்திக்கொண்ட அதே ஆள்.

இட்டுக்கட்டினார் என்ற ஒரு சொல் போதும். எங்கள் தொழிலில் அதற்குப் பிறகு யாரும் லேபுக்குள் விட மாட்டார்கள். வாய்மொழித் தேர்வை நிறுத்தி, மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி போட்டார்கள். மேடத்தை எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"வேற யாராவது அந்த ஃப்ரீசரத் தொட்டிருக்க வாய்ப்பு இருக்குதா?" என்று கமிட்டித் தலைவர் கேட்டார்.

சக்கரபாணி ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். மேடத்தத் தவிர யாரும் தொட மாட்டாங்க" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பயந்து நடுங்கிப் பொய் சொன்னால்கூட மனுஷன் என்று ஒரு மரியாதை இருக்கும். நான் தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

மேடம் யாரோடும் சண்டை போடவில்லை. நாற்பது குழாயையும் எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய், ஒவ்வொன்றிலும் இருக்கிற ஜீனை எழுத்து எழுத்தாகப் படிக்கக் கொடுத்தார். ஆறு வாரம் ஆயிற்று. முப்பது குழாய் சரி. பதினொன்று என்று எழுதியதில் இருபது இருந்தது. பன்னிரண்டில் பத்தொன்பது. பதினேழில் பதினான்கு. ஒரு வரிசை அப்படியே தலைகீழ். மேடத்தின் கண்டுபிடிப்பு உண்மை, அது பதினான்காம் எண்ணுடையது. நான் சட்டத்தைத் திருப்பித்தான் மாட்டியிருக்கிறேன்.

திருத்தம் அதே பத்திரிகையில் வந்தது. ஐரோப்பாக்காரர்களும் பதினான்கைச் செய்து பார்த்துச் சரியென்று எழுதினார்கள். நூலகத்தில் அந்தப் பக்கத்தை நான் நின்றுகொண்டே படித்தேன். சின்னதாக ஆறு வரி. ஒரு வரிசைக் குழாய்களின் எண்கள் ஆய்வகத்தில் தவறாக எழுதப்பட்டுவிட்டன, சரிபார்க்காமல் வெளியிட்டது தன் தவறு, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று இருந்தது. கீழே ஒரே பெயர், ரேணுகாம்பாள். யார் எழுதினார்கள் என்று இல்லை. பூஜை என்று இல்லை. மணிவேல் என்று இல்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். தெய்வம் போல என்னை மன்னித்துவிட்டார் என்று அழுதேன்.

இட்டுக்கட்டிய பழி நீங்கியது. ஆனால் கவனக்குறைவு என்று கமிட்டி எழுதிவிட்டது. திருத்திய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் சக்கரபாணி. வழிகாட்டி கையெழுத்து இல்லாமல் பிஎச்.டி. கிடையாது. அடுத்த ஜூனில் வேலையைப் புதுப்பிக்கவில்லை. பத்து வருஷ உழைப்பு போயிற்று. அவர் மேஜையைக் காலி செய்த அதே வாரம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்வீட் வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தேன். அட்டைப் பெட்டியில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தவரிடமும் நீட்டினேன், மானங்கெட்டவன்.

"எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பாவம், வேலை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது மலருக்கு வேண்டிய சங்கதி. முப்பத்து மூன்று வயதில் பெங்களூரில் வேறொரு வழிகாட்டியிடம் பிஎச்.டி.யை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 2003இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பதினான்காம் எண்ணில் இன்னும் நாலு மணிகளை மாற்றி எண்பது டிகிரி வரை தாங்க வைத்தார். இன்றைக்கு ஒரு கம்பெனியின் என்சைம் பிரிவுக்கே தலைவர். சக்கரபாணி ஓய்வு பெற்று, ரமணாசிரமம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்கு அறிவியலும் ஆன்மிகமும் என்று சொற்பொழிவு செய்கிறார். மலையில் இறைவன் தனக்குக் கொடுத்த என்சைமைப் பற்றிச் சொல்கிறாராம். கேட்டவர்கள் சொன்னார்கள். நான் துப்பிவிட்டு வந்தேன்.

மேடம் இப்போது வேங்கிக்காலில் வீடு கட்டி அம்மாவை வைத்துக்கொண்டிருக்கிறார். மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் பெங்களூர். மலரைச் சாக்காக வைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். உண்மையில் நான் போனது நன்றி சொல்ல. எப்படிச் சொல்வது என்று வீட்டிலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவருடைய அம்மா காசியம்மாள்தான் கதவைத் திறந்தார். "வா நைனா, லேப்ல இருந்தியே, மணிவேலுதானே? ஒக்காரு" என்று காபி கொடுத்தார். மேடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். முன்தலை நரைத்திருந்தது. மலருக்கு வேண்டியதைக் கேட்டேன், தேதி தேதியாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, காசியம்மாள் உள்ளே போகும் வரை காத்திருந்து, சொன்னேன். ஆயுத பூஜையிலிருந்து கமிட்டி வரை ஒன்று விடாமல் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"தெரியும்" என்றார் மேடம்.

"எப்போதுலேருந்து மேடம்?"

"லெட்டர் வந்த அன்னிக்கே. ஃப்ரீசரத் தொறந்து மூடிங்களப் பாத்தேன். நான் ஏழு எழுதுனா நடுவுல ஒரு கோடு போடுவேன். பதினேழுல கோடு இல்ல. அது உங்க எழுத்துன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா உங்க எழுத்தப் பாக்கிறேன். அத்தப் பாத்துட்டுத்தான் உங்க மேஜைக்கு வந்தேன்."

 அப்படியென்றால் கமிட்டியில் நான் பொய் சொன்னபோதும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் தெருவில் நின்றிருப்பேன்.

"என்னைக் காட்டிக் குடுக்காம வுட்டுட்டீங்க மேடம். திருத்தத்துலகூட என் பேரப் போடல. பழி பூரா நீங்களே ஏத்துக்கினீங்க. என் புள்ளைங்க படிச்சது, கல்யாணம் காட்சின்னு பாத்தது எல்லாம் நீங்க போட்ட பிச்சை. அத்தச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றேன். கை கூப்பிவிட்டேன்.

மேடம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உங்களக் காப்பாத்தறதுக்காக அப்படி எழுதுனேன்னு நெனச்சிட்டு இருந்தீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"கமிட்டில ஒரு கோட்டக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது, அதான் பெங்களூருக்குப் போனேன். சரிபாக்காம அனுப்புனது என் தப்பு. அத்த நான் ஒத்துக்கினேன். ஆனா எண்ணை அழிச்சது நீங்கன்னு பேர் போட்டுத்தான் மொதல்ல எழுதுனேன். கவர்ல போட்டு ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் படிச்சுப் பாத்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். "நான் கண்டுபுடிச்சதுக்குக் கீழ உங்க பேரு இருந்துது. பாக்கவே அருவருப்பா இருந்துது மணிவேல். அதான் அடிச்சிட்டேன்."